ஏசிசி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்: 17 அணிகளுக்கு அட்டவணை போடுவது பற்றி

மதிப்பிற்குரிய ஏசிசி (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகளின் ஒரு கூட்டமைப்பு) ஆணையர் ஜிம் பிலிப்ஸ் அவர்களுக்கும், 17 பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2025 சீசனில் உங்கள் கான்ஃபரன்ஸின் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கு யார் போவது என்பதைக் கடைசியில் அட்டவணைதான் தீர்மானித்தது. இன்னொரு வருஷம் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல். 8-இல் இருந்து 9 கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு (உறுப்பு அணிகள் தங்களுக்குள் ஆடுபவை) மாறப்போகிறோம் என்று நீங்கள் அறிவித்துவிட்டீர்கள், எப்படியும் அட்டவணையைப் பிரித்துத்தான் கட்டப்போகிறீர்கள், அதனால் சொல்வதை இப்போதே சொல்லிவிடலாம்.

நான் ராலேக்குப் பக்கத்தில் கேரியில் இருப்பவன். ஆர்டிபி (ரிசர்ச் ட்ரையாங்கிள் பார்க்) வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. பிள்ளைகள் என்.சி. ஸ்டேட்டிலும் சேப்பல் ஹில்லில் இருக்கும் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்திலும் சேர, சனிக்கிழமை காலேஜ் ஃபுட்பால் பெற்றோருக்கும் தொற்றிக்கொண்டது. அவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன், உங்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக அனுப்பிவிடுகிறேன்.

முதலில் 2025-இல் நடந்ததைப் பார்ப்போம். வர்ஜீனியா 7-1 (7 வெற்றி, 1 தோல்வி) என்று முதலிடம். அதில் எந்தக் குழப்பமும் இல்லை. இரண்டாவது இடத்துக்கு டியூக், மயாமி, ஜார்ஜியா டெக், எஸ்எம்யு, பிட்ஸ்பர்க் என்று ஐந்து அணிகள் 6-2 என்று ஒரே புள்ளியில் வந்து நின்றன. ஐந்து அணிகள் என்றால் தங்களுக்குள் 10 ஜோடிகள். அந்த 10-இல் சீசன் முழுக்க மோதியது 4 ஜோடிதான். மயாமியை எஸ்எம்யு ஜெயித்தது, பிட்டை மயாமி ஜெயித்தது, டியூக்கை ஜார்ஜியா டெக் ஜெயித்தது, ஜார்ஜியா டெக்கை பிட் ஜெயித்தது. மீதி 6 ஜோடிகள் ஒரே மைதானத்தில் கால்கூட வைக்கவில்லை. சரி, பொதுவான எதிராளியை வைத்துப் பார்க்கலாம் என்றால் ஐந்து பேரோடும் ஆடிய அணி சிராக்யூஸ் மட்டும்தான், அந்தச் சிராக்யூஸை ஐந்து பேருமே ஜெயித்திருந்தார்கள். அப்புறம் என்ன செய்வது? அவரவர் எதிராளிகள் கான்ஃபரன்ஸில் எத்தனை சதவீதம் ஜெயித்தார்கள் என்று கணக்குப் போட்டு டியூக்கை அனுப்பினீர்கள்.

டியூக் பையன்கள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். விதிப்படி வந்தார்கள், டிசம்பர் 6 அன்று சார்லட்டில் ஓவர்டைம் வரை இழுத்து வர்ஜீனியாவை 27-20 என்று ஜெயித்தார்கள். 1962-க்குப் பிறகு யாரோடும் பங்கு போடாமல் அவர்கள் எடுத்த முதல் பட்டம் அது, அந்தப் பள்ளிக்காரர்கள் எவ்வளவு கொண்டாடினாலும் தகும். ஆனால் உள்ளே வரும்போது அந்த அணியின் மொத்தக் கணக்கு 7-5. இல்லினாய், டுலேன், யூகான் என்று வெளி அணிகளிடம் மட்டும் மூன்று தோல்வி. நாட்டுச் சாம்பியனைத் தீர்மானிக்கும் 12 அணி பிளேஆஃபில் அந்த சீசனில் தரவரிசையில் மேலே இருந்த 5 கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதியாக இருந்தது, அந்த ஐந்தில் ஏசிசி சாம்பியன் இல்லை. டுலேன் இருந்தது. செப்டம்பரில் டியூக்கை 34-27 என்று தோற்கடித்த அதே டுலேன். ஜேம்ஸ் மேடிசன் இருந்தது. உங்கள் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கே தகுதி பெறாத 10-2 மயாமியோ பிளேஆஃபில் போய், ஜனவரி 19 அன்று தேசிய இறுதி ஆட்டம் வரைக்கும் ஆடி இண்டியானாவிடம் 21-27 என்று தோற்றது. நாட்டிலேயே இரண்டாவது இடம் வந்த அணி, தன் சொந்த கான்ஃபரன்ஸில் முதல் இரண்டுக்குள் வரவில்லை!

டைபிரேக்கர் விதியை (சமமாக நிற்பவர்களில் யார் மேலே என்று பிரிக்கிற விதி) மட்டும் திருத்தினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். விதியைத் திருத்தத்தான் வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் நோயின் வேர் அட்டவணையில் இருக்கிறது. 10 ஜோடியில் 6 ஜோடி மோதவே இல்லையென்றால் எந்த விதி போட்டாலும் அது ஊகம்தான். ஐபிஎல்லில் நெட் ரன் ரேட் பார்த்து ஒரு அணியை வெளியே அனுப்பினால் நம்மூர்க்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டாவது ஏற்கிறார்கள், காரணம் அங்கே எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறையாவது ஆடியிருப்பார்கள்.

இன்னொரு கூத்தும் நடந்தது. செப்டம்பர் 6 அன்று இங்கே ராலேயில் என்.சி. ஸ்டேட் வர்ஜீனியாவை 35-31 என்று ஜெயித்தது. இரண்டுமே ஏசிசி அணிகள். ஆனால் அது "கான்ஃபரன்ஸுக்கு வெளியே உள்ள ஆட்டம்" என்று வகைப்படுத்தப்பட்டதால் பட்டியலில் ஏறவில்லை. ஏறியிருந்தால் வர்ஜீனியா 7-2. அப்போதும் சதவீதப்படி முதலிடம் அவர்களுக்குத்தான் வந்திருக்கும், இந்த முறை யாருக்கும் நஷ்டமில்லை என்பது உண்மை. ஆனால் இன்னொரு வருஷம் ஒரு சாம்பியனே இதனால் மாறலாம். 60,000 பேருக்கு நெருக்கமான கூட்டத்துக்கு முன்னால் உங்கள் இரண்டு உறுப்பினர்கள் முட்டி மோதிய ஆட்டத்துக்கு உங்கள் பட்டியலில் இடமில்லை என்றால், பார்த்தவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

இது முதல் தடவையும் இல்லை. 2019-இலும் 2021-இலும் நார்த் கரோலினாவும் வேக் ஃபாரஸ்ட்டும் இதே மாதிரி "வெளி" ஆட்டம் ஆடின. சேப்பல் ஹில்லில் இருந்து வின்ஸ்டன் சேலத்துக்குக் காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அணிகளை அட்லாண்டிக், கோஸ்டல் என்று இரண்டு பிரிவாகப் பிரித்து வைத்திருந்த காலம் அது. 14 அணி, 8 ஆட்டம்: சொந்தப் பிரிவில் 6, எதிர்ப்பிரிவில் நிரந்தர ஜோடி ஒன்று, மீதி ஒரே ஒரு இடம் சுழற்சிக்கு. அந்த ஒற்றை இடத்தில் ஆறு அணிகள் முறை வைத்து வர வேண்டும், ஆக ஒரு அணியைப் பார்க்க ஆறு வருஷம், அது உங்கள் ஊருக்கு வந்து ஆட 12 வருஷம். பக்கத்து ஊர்ப் பள்ளிகள் காத்திருந்து அலுத்துப்போய், தாங்களே ஒப்பந்தம் போட்டு ஆடிக்கொண்டார்கள். 2021 ஆட்டம் 58-55 என்று நார்த் கரோலினா பக்கம் முடிந்தது. அப்படி ஒரு ஆட்டம், அதுவும் பட்டியலுக்கு வெளியே.

2022-ஓடு பிரிவுகளை எடுத்துவிட்டு 2023-இல் மூன்று நிரந்தர எதிராளி, மற்ற பத்து பேரை இரண்டு வருஷத்தில் ஐந்து ஐந்தாக என்று கொண்டுவந்தீர்களே, அது நல்ல ஏற்பாடு. ஒரு வருஷம்தான் ஓடியது. 2024-இல் கால் (பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), ஸ்டான்ஃபர்ட், எஸ்எம்யு வந்து சேர, 17 ஆனது. 2030 வரைக்கும் போட்ட புது அட்டவணையில் ஒவ்வொரு அணியும் மற்ற ஒவ்வொன்றையும் ஏழு வருஷத்தில் குறைந்தது இரண்டு முறை சந்திக்கும் என்றீர்கள். ஏழு வருஷம். நான்கு வருஷம் படித்துவிட்டுப் போகிற மாணவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? டிகிரி வாங்கும் வரை கிளெம்சனையோ மயாமியையோ தன் பள்ளி மைதானத்தில் பார்க்காமலே ஒருவர் போய்விடலாம். இன்னொரு பெரிய கான்ஃபரன்ஸான எஸ்இசியில் (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) 2012-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் சேர்ந்து, 2023-இல் பிரிவுகள் முடியும் வரைக்கும் ஜார்ஜியா ஒருமுறைகூட அவர்கள் ஊரான காலேஜ் ஸ்டேஷனுக்குப் போய் ஆடவில்லை. அந்தக் கேலியெல்லாம் கேட்ட பிறகுதான் அவர்கள் 2026-இல் இருந்து 9 ஆட்டத்துக்கு வருகிறார்கள். மூன்று நிரந்தர எதிராளி, மீதி 12 பேரை வருஷத்துக்கு ஆறாக இரண்டே வருஷத்தில் முடித்துவிடுகிறார்கள். 16 என்ற எண்ணுக்கு அந்தக் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

உங்களிடம் இருப்பது 17. அங்கேதான் சிக்கல். 17 அணியும் தலா 9 ஆட்டம் என்றால் 17 × 9 = 153. ஒரு ஆட்டத்துக்கு இரண்டு அணி வேண்டும், 153-ஐ இரண்டால் வகுக்க முடியாது. எத்தனை கமிட்டி உட்கார்ந்தாலும் ஒரு அணிக்கு 8-தான் கிடைக்கும். நீங்களும் இதை ஒப்புக்கொண்டு, 2026-இல் 12 அணிக்கு 9, 5 அணிக்கு 8 என்றும், 2027 முதல் 16 அணிக்கு 9, ஒன்றுக்கு மட்டும் 8 என்றும் அறிவித்திருக்கிறீர்கள். எஸ்இசியைப் பார்த்து எல்லாருக்கும் மூன்று நிரந்தர எதிராளி என்று வைக்கவும் முடியாது. 17 × 3 = 51, அதுவும் ஒற்றைப்படை.

இரண்டு நிரந்தர எதிராளி என்று வைத்துப் பாருங்கள். 17 × 2 = 34, அதாவது 17 ஜோடிகள், பிசகில்லாமல் வருகிறது. ஒரு அணிக்கு மீதி எதிராளிகள் 14 பேர், சுழற்சிக்கு வருஷத்துக்கு 7 இடம். இரண்டு வருஷத்தில் 14-உம் முடிந்தது! வருஷத்துக்கு ஒரு அணிக்கு ஒரு ஆட்டம் குறைகிறதே, அது எங்கே போய் இடிக்கும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நிரந்தர ஜோடி போக மொத்தம் 119 ஜோடிகள் சந்திக்க வேண்டும், வருஷத்துக்கு 59 ஆட்டம் போட முடியும், இரண்டு வருஷத்தில் 118. ஒரே ஒரு ஜோடி விடுபடும். முதல் வருஷம் 8 ஆட்டம் ஆடிய அணியும் இரண்டாம் வருஷம் 8 ஆட்டம் ஆடிய அணியும்தான் அந்த ஜோடி. 8 ஆட்ட முறையைச் சுழற்சியில் விட்டால் ஒரு அணிக்கு 17 வருஷத்தில் ஒருமுறை வரும். மற்றபடி நான்கு வருஷத்தில் எல்லாரும் எல்லார் ஊருக்கும் போய் வந்துவிடுவார்கள். முதலாம் ஆண்டு சேருகிற பிள்ளை பட்டம் வாங்குவதற்குள் எல்லா அணியையும் தன் மைதானத்தில் பார்த்துவிடலாம். இந்த ஒரு காரணம் போதும் எனக்கு.

யாரோடு யாரை நிரந்தரமாகக் கட்டுவது என்பதுதான் வயிற்றெரிச்சல் வேலை. கால், ஸ்டான்ஃபர்ட், எஸ்எம்யு மூன்றும் ஒரு முக்கோணம், ஆளுக்கு இரண்டு, முடிந்தது. பாஸ்டன் காலேஜ், சிராக்யூஸ், பிட் வடக்கே இன்னொரு முக்கோணம். தெற்கே மயாமி–ஃப்ளோரிடா ஸ்டேட், ஃப்ளோரிடா ஸ்டேட்–கிளெம்சன், கிளெம்சன்–ஜார்ஜியா டெக் என்று ஒரு சங்கிலி தானாகவே வருகிறது. அதை ஜார்ஜியா டெக்கில் இருந்து லூயிவில், லூயிவிலில் இருந்து வர்ஜீனியா, வர்ஜீனியாவில் இருந்து வர்ஜீனியா டெக், அங்கிருந்து மறுபடி மயாமி என்று சுற்றிக் கட்டிவிடலாம். லூயிவிலும் வர்ஜீனியாவும் பிரிவுகள் இருந்த காலத்தில் வருஷா வருஷம் ஆடிய ஜோடி, வர்ஜீனியா டெக்கும் மயாமியும் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸில் இருந்த நாளில் இருந்தே மோதுகிறவர்கள். ஜார்ஜியா டெக்–லூயிவில் மட்டும்தான் ஒட்டுப்போட்டது மாதிரி இருக்கும், அட்லாண்டா நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மிச்சம் எங்கள் நார்த் கரோலினா நாலு பேர். இங்கேதான் எனக்கே மனசு வலிக்கிறது. நார்த் கரோலினா, என்.சி. ஸ்டேட், வேக் ஃபாரஸ்ட், டியூக் என்று ஒரு சதுரம் போட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் நாலு ஜோடி வருஷா வருஷம் ஆடலாம். ஆனால் மூலைவிட்டம் இரண்டும் (நார்த் கரோலினா–வேக், என்.சி. ஸ்டேட்–டியூக்) இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆகிவிடும். இன்றைய நிலையில் என்.சி. ஸ்டேட்–டியூக் வருஷா வருஷம் நடக்கிறது, அதை இழப்பது கஷ்டம்தான். நார்த் கரோலினா–வேக்குக்கோ ஆறு வருஷத்துக்கு ஒருமுறை என்று இருந்ததைவிட இது எவ்வளவோ மேல்.

பெரிய இழப்பு வேறு. நார்த் கரோலினாவும் வர்ஜீனியாவும் 1892-இல் ஆடத் தொடங்கியவர்கள், தெற்கின் மிகப் பழைய பகை என்றே அதற்குப் பேர். அதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் அந்த ஒரு ஜோடிக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள். அந்த இரண்டு அணிக்கு மட்டும் மூன்று நிரந்தர எதிராளிகள் இருக்கட்டும். கணக்கில் அதற்கு என்ன விலை என்றும் பார்த்துவிட்டேன்: இரண்டு வருஷத்தில் விடுபடும் ஜோடி ஒன்றுக்குப் பதில் இரண்டு ஆகிறது, அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? பிக் டென் கான்ஃபரன்ஸில் அயோவாவுக்கு மூன்று நிரந்தர எதிராளி, பென் ஸ்டேட்டுக்கு ஒன்றுகூட இல்லை. 18 அணியை வைத்துக்கொண்டு அவர்கள் ஓட்டவில்லையா?

8 ஆட்டம் மட்டும் கிடைக்கிற அணிக்கு அந்த வருஷம் ஃபுட்பாலில் எந்த கான்ஃபரன்ஸிலும் சேராத நோட்டர் டேமைக் கொடுங்கள். வருஷத்துக்குச் சுமார் ஐந்து ஏசிசி அணிகளோடு அவர்கள் ஆடுகிறார்கள், அதில் ஒரு இடத்தை ஒதுக்குவது பெரிய காரியமில்லை. பட்டியலில் ஏறாவிட்டாலும் உழைப்பு மற்ற அணிகளுக்குச் சமமாக இருக்கும், சுலபமான சீசன் என்று யாரும் பேச முடியாது. அதோடு 7-1 எடுத்தவர் 8-1 எடுத்தவருக்கு மேலேயா கீழேயா என்பதையும் சீசனுக்கு முன்பே எழுதி வையுங்கள். வெறும் சதவீதம் பார்த்தால் 87.5-உம் 88.9-உம், ஆடாத ஆட்டத்துக்காக ஒருவர் கீழே போவார். நவம்பர் கடைசியில் ஃபோன் போட்டுப் பேசி முடிவு செய்கிற விஷயமில்லை இது.

9 ஆட்டம் என்றால் ஒரு வருஷம் 5 ஹோம், அடுத்த வருஷம் 4. இயக்குநர்கள் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள், டிக்கெட் வருமானம் அப்படி. இதற்கு ஒரு வழி காலண்டரிலேயே இருக்கிறது. சீசன் கடைசி வாரத்தில் உங்கள் நாலு அணிகள் எஸ்இசி பகையாளிகளோடு ஆடுகின்றன. கிளெம்சனுக்கு சவுத் கரோலினாவும் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு ஃப்ளோரிடாவும் இரட்டைப்படை வருஷங்களில் வீட்டுக்கு வருகிறார்கள். ஜார்ஜியா டெக்குக்கு ஜார்ஜியாவும் லூயிவிலுக்கு கென்டக்கியும் வருவது ஒற்றைப்படை வருஷங்களில். அப்படியானால் இரட்டைப்படை வருஷத்தில் முதல் இருவருக்கு 4 ஹோம், பின் இருவருக்கு 5, அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளுங்கள். நாலு பேருக்கும் எல்லா வருஷமும் ஐந்து பெரிய ஹோம் கேம் உறுதியாகக் கையில் இருக்கும்.

கலிஃபோர்னியா பயணம் இதனால் கூடிவிடுமோ என்று கேட்பீர்கள். பெரிதாகக் கூடாது. கிழக்கு அணி ஒவ்வொன்றும் இரண்டு வருஷத்தில் காலையும் ஸ்டான்ஃபர்டையும் ஒருமுறை சந்திக்கும், அதில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. இரண்டு வருஷத்துக்கு ஒரு பயணம். இப்போதைய திட்டத்தில் ஏழு வருஷத்துக்கு மூன்று, கிட்டத்தட்ட அதேதான். கஷ்டப்படுவது அந்த இரண்டு பள்ளிகளும்தான், வருஷத்துக்கு மூன்று நாலு தடவை நாட்டின் குறுக்கே பறக்க வேண்டியிருக்கும். இங்கே பகல் 12 மணிக்கு ஆட்டம் வைத்தால் அந்தப் பையன்களின் உடம்புக்குக் காலை 9 மணி. அடுத்தடுத்த வாரம் இரண்டு கிழக்குப் பயணம் வைக்காதீர்கள், பகல் 12 மணி ஆட்டம் அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஈஎஸ்பிஎன்னோடு 2036 வரை ஒப்பந்தம் இருக்கிறது, இந்த இரண்டு நிபந்தனையைக்கூடப் பேசி வாங்க முடியாதா?

நேரம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆட்டம் பகல் 12 மணிக்கா, மூன்றரைக்கா, ராத்திரி ஏழரைக்கா என்பது பெரும்பாலும் 12 நாள் முன்புதான் தெரிகிறது, சில வாரங்களில் 6 நாள்தான். தொலைக்காட்சிக்கு நல்ல ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க அவகாசம் வேண்டும், புரிகிறது. என்.சி. ஸ்டேட்டின் கார்ட்டர்-ஃபின்லி மைதான வாகன நிறுத்துமிடத்தில் ஒரு சனிக்கிழமை வந்து பாருங்கள். சார்லட்டில் இருந்தும் கிரீன்வில்லில் இருந்தும் விடிகாலையில் கிளம்பி வந்து கூடாரம் போட்டிருப்பார்கள், ஒரு கூடாரத்தில் பார்பிக்யூ புகை, அடுத்த கூடாரத்தில் அலுமினியத் தட்டில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும், இரண்டு பக்கமும் தட்டு மாற்றிக்கொள்வார்கள். பாண்ட் வாசிக்கிற பிள்ளை எந்தப் பக்கம் நடந்துவரும் என்று ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற பாட்டிகள் உண்டு, சென்னையில் இருந்து ஆறு மாத விசாவில் வந்தவர்கள். அவர்களைக் கூட்டிவரத் திட்டமிடுகிறவர்களுக்கு 6 நாள் போதாது. வருஷத்துக்கு ஒரு அணிக்கு இரண்டு ஹோம் கேமுக்காவது ஆகஸ்ட் மாதமே நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

கடைசி கான்ஃபரன்ஸ் வாரத்தைக் காலியாக விட்டு, மேலே இருக்கிற அணிகளை அப்போது மோதவிடலாம் என்றும் ஒரு யோசனை உண்டு. கான்ஃபரன்ஸ் யுஎஸ்ஏ என்ற வேறொரு கூட்டமைப்பு 2018-19 கூடைப்பந்து சீசனில் கடைசி நாலு ஆட்டத்தைத் தரவரிசைப்படி குழுக்களாகப் பிரித்து ஆடியது. கூடைப்பந்துக்குச் சரி. இங்கே ஒரு ஹோம் கேம் என்றால் ஊரே ஹோட்டலும் போலீஸும் சேர்ந்து மாதக்கணக்கில் தயாராக வேண்டும், அதனால் நான் அதைக் கேட்கவில்லை.

அந்தக் கதவு மூடியிருப்பதால்தான் டைபிரேக்கர் முக்கியமாகிறது. 9 ஆட்டம் வந்தாலும் ஒரு வருஷத்தில் 136 ஜோடியில் 76 ஜோடிதான் மோதும், மோதாதவர்கள் சமமாக நிற்பது மறுபடியும் வரும். அப்போது எதிராளிகளின் வெற்றிச் சதவீதத்துக்குப் போகாதீர்கள். அது எந்த வீரரின் கையிலும் இல்லாத விஷயம், ஸ்டான்ஃபர்டுக்கும் காலுக்கும் நடுவில் ராத்திரி பத்தரைக்குத் தொடங்குகிற ஆட்டத்தில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ராலேயில் ஒரு சீசன் முடிந்துபோவது அநியாயம். நேரடி மோதல், பொதுவான எதிராளிகள் இரண்டும் தீர்ந்த பிறகு, அந்த அணி ஆடிய 12 ஆட்டங்களையும் எடுத்துப் பாருங்கள். யூகானிடம் தோற்றதும் கணக்கில் வரட்டும், வெளியே போய் நோட்டர் டேமை ஜெயித்ததும் கணக்கில் வரட்டும். அணிகள் செப்டம்பரில் பலமான எதிராளியைத் தேடிப் போவதற்கும் அது ஒரு காரணமாகும். இன்னொன்று, இரண்டு ஏசிசி அணிகள் மோதுகிற எந்த ஆட்டமும் இனிமேல் பட்டியலுக்கு வெளியே நடக்கக் கூடாது.

2027 முதல் ஓடப்போகிற சுழற்சியை நீங்கள் முடிவு செய்யும்போது, 17 அணிக்கும் எந்த வருஷம் யாருக்கு 8 ஆட்டம் என்ற வரிசையையும் டைபிரேக்கர் படிகளையும் அட்டவணையோடு சேர்த்தே வெளியிடுங்கள். நான் போட்ட ஜோடிகளில் மாற்ற வேண்டியது இருந்தால் மாற்றுங்கள், ஜார்ஜியா டெக்–லூயிவிலுக்குப் பதில் நல்லது கிடைத்தால் எனக்கும் சந்தோஷம். இரண்டு வருஷத்தில் எல்லாரையும் சந்திப்பது என்ற கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
கேரியில் இருந்து ஒரு ரசிகர்